மோதிரம், ஆணி, குழாய்: எதற்கு எந்த மெட்டல் டிடெக்டர்? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: திருச்செந்தூர் கடற்கரையில் அரை சவரன் மோதிரம் தொலைந்துவிட்டது. 15,000 ரூபாய்க்குள் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கித் தேடினால் கிடைக்குமா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: மோதிரம் விழுந்தது காய்ந்த மணலிலா, அலை நனைக்கும் மணலிலா என்பதைப் பொறுத்தது. காய்ந்த மணல் என்றால் இந்த விலைக் கருவியே போதும். ஈர மணலில் அதே கருவி விடாமல் கத்தும். காரணம் உப்புத் தண்ணீர். அது மின்சாரத்தைக் கடத்துவதால், ஒரே ஃப்ரீக்வென்சியில் (அதிர்வெண்ணில்) வேலை செய்யும் கருவிக்கு அதுவும் ஓர் உலோகம் போலவே தெரியும். கத்தலை அடக்க சென்சிடிவிட்டியைக் குறைப்போம். கூடவே மோதிரத்தின் சத்தமும் அடங்கிவிடும். ஈர மணலுக்கு ஒரே நேரத்தில் பல ஃப்ரீக்வென்சிகளை அனுப்பும் கருவிதான் சரி. மைன்லேப் வான்குவிஷ் வரிசை அந்த வகையில் விலை குறைந்தது; ஆனாலும் இங்கே வந்து சேரும்போது உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிவிடும். ஒரே ஒரு மோதிரத்துக்காகப் புதிதாக வாங்குவதைவிட, கருவி வைத்திருப்பவரை அழைத்துவந்து தேடுவதுதான் லாபம்.

யார் தேடினாலும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். அதே எடையில் இன்னொரு மோதிரத்தை நூலில் கட்டி, 4 அங்குலம், 6 அங்குலம், 8 அங்குலம் எனப் புதைத்து, ஒவ்வொரு ஆழத்திலும் என்ன சத்தம், திரையில் என்ன எண் (உலோகத்தின் வகையைக் காட்டும் எண்) என்று குறித்துக்கொள்ளுங்கள். தேட வேண்டியது அந்த எண்ணையும் அதன் அக்கம்பக்கத்தையும்தான்.

பெரும்பாலானோர் கோட்டை விடும் இடம் டிஸ்கிரிமினேஷன், அதாவது வேண்டாத உலோகங்களுக்குச் சத்தம் வராமல் ஒதுக்கும் வசதி. மாத்திரை அட்டை, சிகரெட் பாக்கெட்டின் உள்தாள் ஆகியவற்றின் தொல்லை வேண்டாம் என்று அலுமினியத் தாளை ஒதுக்கும்படி வைத்துவிடுவார்கள். சிறிய தங்க மோதிரத்தின் எண் அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே வரும். குப்பையை ஒதுக்கினால் மோதிரமும் ஒதுங்கிவிடும். இரும்பை மட்டும் ஒதுக்குங்கள். மற்ற எல்லாச் சத்தத்தையும் தோண்டித்தான் ஆக வேண்டும்.

கயிறு கட்டி, ஒன்றரை மீட்டர் அகலப் பாத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காயில் (coil, கருவியின் அடியில் உள்ள வட்டத் தட்டு) மணலைத் தொட்டும் தொடாமலும் மட்டமாகப் போக வேண்டும். வீச்சின் இரு முனையிலும் கையைத் தூக்கினால் அங்கே ஆழம் போய்விடும். அடுத்த வீச்சு முந்தைய வீச்சின் மேல் பாதி காயில் அகலத்துக்கு ஏறி வரட்டும்.

தொலைந்தது மோதிரமாக இல்லாமல் மெல்லிய சங்கிலியாக இருந்தால் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கருவி முழுச் சங்கிலியைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனித் துணுக்காகவே பார்க்கிறது. பெரும்பாலும் சத்தம் கொடுப்பது கொக்கி அல்லது டாலர்தான்.

கேள்வி: செட்டிநாட்டு வீடுகளை இடித்து வரும் பர்மா தேக்கை வாங்கி அறுக்கிறோம். உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணி பிளேனர் (மரம் இழைக்கும் இயந்திரம்) பிளேடைப் பதம் பார்க்கிறது. விலை குறைவாக என்ன வாங்கலாம்? (வாசகர், காரைக்குடி)

பதில்: தரையில் தேடும் பெரிய கருவி உங்களுக்கு வேண்டாம். தியேட்டர் வாசலில் உடலைத் தடவிப் பார்க்கும் கைக்கருவியே போதும். இரண்டாயிரம் ரூபாய் சுற்றில் கிடைக்கும். அதன் நீளமான முகம் உத்திரத்தை வேகமாகத் தடவ உதவும். கூடவே விரல் மாதிரி நுனியுள்ள பின்பாயின்டர் ஒன்று இருந்தால், ஆணி நிற்கும் புள்ளியைத் துல்லியமாகக் காட்டும்.

தவறு நடப்பது ஆழத்தில். 6 அங்குலச் சதுர உத்திரத்தை நான்கு பக்கமும் தடவினாலும் நடுப்பகுதி ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் 3 அங்குலம் தள்ளி இருக்கிறது. தலை போய் 1 செ.மீ. மட்டும் மிஞ்சிய ஆணித் துண்டை அந்தத் தூரத்தில் இந்தக் கருவிகள் காட்டாது. ஆகவே ஒரு சோதனை போதாது. உத்திரமாக இருக்கும்போது ஒருமுறை தடவி, தென்படும் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு பேண்ட்சாவில் அறுங்கள். பலகையான பிறகு, பிளேனருக்குப் போகும் முன் இரு முகத்தையும் மறுபடி தடவுங்கள். 1 அங்குலப் பலகையில் எந்தத் துண்டும் அரை அங்குலத்துக்கு மேல் ஆழத்தில் இருக்க வழியில்லை. இந்த இரண்டாவது சோதனைதான் பிளேடைக் காப்பாற்றும்.

மரத்தை இரும்பு ஸ்டாண்டின் மேலோ, கம்பி கட்டிய கான்கிரீட் தரையை ஒட்டியோ வைத்துச் சோதிக்காதீர்கள். கீழே இருக்கும் கம்பிக்கும் சேர்த்துச் சத்தம் வரும். இரண்டு மரக்கட்டைகள் மேல் தூக்கி வையுங்கள். கைக்கடிகாரத்தையும் காப்பையும் கழற்றிவிடுங்கள். சத்தம் வந்த இடத்தில் நீளவாக்கில் ஒரு சாக்பீஸ் கோடு, குறுக்கே ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் ஆணி. மரத்தில் கருப்பாகக் கறை படிந்த சிறு துளை தெரிந்தால், கருவி பேசாவிட்டாலும் அங்கே மறுபடி மெதுவாகத் தடவுங்கள். 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் கருவியின் எட்டும் தூரமும் குறையும். பக்கத்தில் ஒரு தெரிந்த ஆணியை வைத்துக்கொண்டு தினமும் காலையில் சரிபாருங்கள். மரத்தில் சிக்கிய கல்லையும் சிமெண்டுக் காரையையும் எந்த மெட்டல் டிடெக்டரும் காட்டாது. அதற்குக் கம்பி பிரஷ்தான்.

கேள்வி: தோட்டத்தில் மூன்றடி ஆழத்தில் புதைத்த தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை. கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பி.வி.சி. குழாய் என்றால் நேரடியாக முடியாது. ஜி.ஐ. (இரும்பு) குழாய் என்றால் 11 அங்குலக் காயில் உள்ள சாதாரணக் கருவியால் முயன்று பார்க்கலாம்; மூன்றடி ஆழத்தில் நிச்சயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. டிஸ்கிரிமினேஷனை முழுவதும் எடுத்துவிடுங்கள். நீங்கள் தேடுவதே இரும்பு. மேல்மண்ணில் கிடக்கும் ஆணி, கம்பித் துண்டு எல்லாம் கத்தும். காயிலைத் தரையிலிருந்து சற்றே தூக்கிப் பிடித்து நடங்கள். சின்னத் துண்டுகள் அடங்கிவிடும். குழாய் எட்டும் ஆழத்தில் இருந்தால் அதன் சத்தம் மட்டும் அகலமாக நிற்கும். அந்தப் புள்ளிகளில் குச்சி நட்டுக்கொண்டே போனால் குழாயின் பாதை தெரிந்துவிடும். இரண்டு பெட்டிகளை ஒரு கம்பின் இரு முனையில் பொருத்திய கருவிகளும் உண்டு. ஃபிஷர் ஜெமினி 3 அந்த வகை. சின்னப் பொருளை அவை கண்டுகொள்ளவே மாட்டா. ஆனால் ஒரு தோட்டத்துக்கு அவ்வளவு செலவு வீண். பி.வி.சி. குழாயின் ஒரு முனை திறந்திருந்தால், எலக்ட்ரீஷியன் ஒயர் இழுக்கும் எஃகு ஸ்பிரிங்கை உள்ளே தள்ளிப் பாருங்கள். ஆழம் அதிகமில்லை என்றால் அதைத் தேடிப் பிடிக்கலாம். தோண்டும் முன் அந்தப் பக்கம் மின்கேபிள் போகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான்கு மடங்கு விலை கொடுத்தால் நான்கு மடங்கு ஆழம் காட்டுமா? (வாசகர், சேலம்)

பதில்: இரண்டு மடங்குகூடக் காட்டாது. காயிலிலிருந்து போகும் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பத் தேய்கிறது. பொருளிலிருந்து திரும்பி வரும் புலமும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் ஆறாம் மடி. ஒரு நாணயத்தின் ஆழம் இரட்டித்தால் சிக்னல் 64-ல் ஒரு பங்காகிவிடும். விலை கூடும்போது நாணயத்துக்கு ஓரிரு அங்குலம் கூடலாம். மற்றபடி பணம் போவது உப்பு மணலிலும் செம்மண்ணிலும் தடுமாறாமல் நிற்பதற்கும், குப்பையைப் பிரித்துச் சொல்வதற்கும், தண்ணீர் புகாத உடலுக்கும்தான்.

ஆகவே முதலில் தேடும் பொருளின் அளவைச் சொல்லுங்கள். நாணயம், கொலுசு போன்றவற்றுக்கு 8 முதல் 15 கிலோஹெர்ட்ஸ் ஃப்ரீக்வென்சி சரி. காரெட் (Garrett) நிறுவனத்தின் ஏஸ் 300 வேலை செய்வது 8 கிலோஹெர்ட்ஸில். கடுகளவு தங்கத் துகளுக்கு அதிக ஃப்ரீக்வென்சி வேண்டும்: மைன்லேப் கோல்டு மான்ஸ்டர் 1000-க்கு 45, ஃபிஷர் கோல்டு பக் 2-க்கு 71. காயிலும் அப்படித்தான். 6 அங்குலக் காயில் சின்னதைப் பிடிக்கும். 15 அங்குலக் காயில் பெரியதை ஆழத்தில் பிடிக்கும், துகளைத் தவறவிடும். பெரிய காயில்தான் எல்லாவற்றுக்கும் நல்லது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: ஆன்டெனா வைத்த கருவி 100 மீட்டர் தூரத்துத் தங்கத்தைக் காட்டும் என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், தர்மபுரி)

பதில்: வேண்டாம். கைப்பிடியில் சுழலும் கம்பிதான் அது. உங்கள் மணிக்கட்டு சாய்கிற பக்கம் திரும்பும். இதே வித்தையை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று இராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் 2013-ல் இங்கிலாந்தில் 10 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். உண்மையான கருவி, குடம் அளவுள்ள செம்புப் பாத்திரத்தையே சில அடி ஆழத்தில்தான் காட்டும்.

புதையல் ஆசை இருந்தால் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் தோண்ட நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: பழைய கருவி விலைக்கு வருகிறது. எப்படிச் சோதிப்பது? (வாசகர், மதுரை)

பதில்: கருவியை ஓட விட்டு, காயிலோடு கேபிள் சேரும் இடத்தைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். சத்தம் வந்தால் உள்ளே ஒயர் விட்டிருக்கிறது; காயில் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். காயில் உறைக்குள் மண் அடைத்திருக்கும், கழற்றித் தட்டிவிட்டுப் பாருங்கள். பிறகு காயிலைப் பக்கவாட்டில் நிறுத்தி, அதன் முன்னால் நாணயத்தை அசைத்துப் பாருங்கள். அதற்கு ஒரு ரூபாய் நாணயத்தை எடுக்காதீர்கள். அது காந்தம் பிடிக்கும் எவர்சில்வர், கருவி இரும்பு என்றே சொல்லக்கூடும். மஞ்சள் நிற 5 ரூபாய் நாணயம் சரியாக இருக்கும். 11 அங்குலக் காயிலுக்கு முன்னால் அதை 8 அங்குலத் தூரத்திலாவது தெளிவாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் சோதித்தால் டியூப்லைட்டும் இன்வெர்ட்டரும் இரைச்சல் கிளப்பும். மொட்டை மாடியும் வேண்டாம், தளத்தில் கம்பி இருக்கும். திறந்த வெளிக்கு எடுத்துப் போங்கள்.