பதில்: நாச்சியார்கோவில் பட்டறைகளுக்கு அரசு உதவி கேட்பது எப்படி?

வணக்கம் நண்பரே. 'எங்கள் குத்துவிளக்குத் தொழிலைக் காப்பாற்றுங்கள்' என்று பட்டறைக்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்தும் பதில் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அப்படிப் பொதுவாகக் கேட்டால் எந்தத் திட்டத்தில் சேர்ப்பது என்று அதிகாரிக்கே தெரியாது. ஒரே ஒரு பொருளைக் குறித்துக் கேளுங்கள்: எல்லாரும் பயன்படுத்த ஒரு பொது வசதி மையம். உலை, கடைசல் இயந்திரம், பாலிஷ் எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

இதற்கென்றே ஒன்றிய அரசின் குறு, சிறு தொழில் குழும மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. குழுமம் என்றால் ஒரே தொழிலை ஒரே பகுதியில் செய்யும் பட்டறைகளின் கூட்டம். கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் ஆகும் செலவில் பெரும்பகுதி மானியமாகக் கிடைக்கும். மிச்சத்தில் உங்கள் பங்கும் உண்டு. அதனால் யார் எவ்வளவு போடுவது என்று இப்போதே பேசி எழுதிவிடுங்கள். பல குழுமங்கள் இந்த இடத்தில்தான் உடைகின்றன.

முதலில் ஒவ்வொரு பட்டறையும் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான ஒன்றிய அரசின் இணையப் பதிவு, செய்யட்டும். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இடைத்தரகர்களை நம்பாதீர்கள். அப்புறம் உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கி, தஞ்சாவூர் மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளரைப் பாருங்கள். திட்ட அறிக்கை தயாரிக்க வழி சொல்வார்கள்.

மையம் வந்த பிறகு மின்கட்டணமும் பராமரிப்பும் உங்கள் பொறுப்பு. ஒரு விளக்குக்கு எவ்வளவு வாடகை வாங்கினால் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டு எடுத்துப் போங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.