கேளுங்கள், சொல்கிறேன்: புரூஜ் நகரில் ஒரு பகல்

என் தம்பி பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரில் வேலை பார்க்கிறான். ஜூன் மாதம் நான், கணவர், 9 வயது மகள், 6 வயது மகன், முழங்கால் வலியுள்ள மாமியார் எல்லோரும் போகிறோம். ஒரே நாளில் கென்ட், புரூஜ் இரண்டையும் ரயிலில் பார்த்துவிடலாம் என்கிறான் தம்பி. பார்க்கலாமா? – வாசகி, கும்பகோணம்

வேண்டாம்மா. கென்ட் வழியில் வருகிற ஊர் என்பதால் தம்பிக்கு அப்படித் தோன்றியிருக்கும். ஆனால் மாமியாரின் முழங்காலும் சின்னவனின் பொறுமையும் கென்ட்டிலேயே தீர்ந்துவிடும். புரூஜுக்கு மட்டும் போங்கள். அதையும் சனிக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

பிரஸ்ஸல்ஸ் சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். உள்நாட்டு ரயில்களில் இருக்கை முன்பதிவு கிடையாது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏறலாம். பெரியவர்களோடு வரும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம். பலகையில் ஆஸ்டெண்ட், பிளாங்கன்பெர்க் என்று கடற்கரை ஊர்களின் பெயர் இருக்கும். அந்த ரயில்கள் புரூஜில் நின்றுதான் போகும்.

நான் பிரஸ்ஸல்ஸில் குடியிருப்பவள். ஊரிலிருந்து யார் வந்தாலும் நிலையத்திலிருந்து நேரே சந்தைச் சதுக்கத்துக்கு அழைத்துப் போகமாட்டேன். மின்னவாட்டர் ஏரிப் பூங்கா வழியாக நடந்தால் சற்று நேரத்தில் பெகைன்ஹோஃப் வந்துவிடும். 1245இல் ஏற்பட்ட பெண்கள் குடியிருப்பு அது. வெள்ளையடித்த வீடுகள், நடுவில் உயர்ந்த மரங்கள். அங்கே வாழ்ந்த பெண்கள் வழிபாட்டு வாழ்க்கையை மேற்கொண்டவர்கள், ஆனால் ஆயுள் முழுக்கக் கட்டுப்படுத்தும் துறவு உறுதி எடுக்காதவர்கள். தாங்களே உழைத்துப் பிழைத்தார்கள். விரும்பினால் வெளியேறித் திருமணமும் செய்துகொள்ளலாம். மகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். இப்போது பெனடிக்ட் சபைக் கன்னியாஸ்திரிகள் இருக்கிறார்கள், அதனால் உள்ளே மெதுவாகப் பேச வேண்டும்.

அங்கிருந்து பக்கத்திலேயே அன்னை மரியாள் ஆலயம். செங்கல்லிலேயே 115 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய கோபுரம். உள்ளே மைக்கேலாஞ்சலோ வெண்சலவைக்கல்லில் செதுக்கிய தாயும் சேயும், அதாவது மரியாளும் குழந்தை இயேசுவும், இருக்கிறார்கள். அன்றைக்கு வேறு எதையுமே பார்க்க முடியாமல் போனாலும் இதைப் பார்த்துவிடுங்கள். குழந்தை மடியில் உட்காரவில்லை. தாயின் முழங்கால்களுக்கு நடுவே நின்று, கீழே காலெடுத்து வைக்கப் பார்க்கிறது. அவள் இழுத்து நிறுத்தவில்லை; கையை மட்டும் கொடுத்திருக்கிறாள். பார்வை தாழ்ந்திருக்கிறது, முகத்தில் சிரிப்பில்லை. போகப்போகும் பிள்ளை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்றே நான் ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

புரூஜின் துணி வணிகக் குடும்பம் ஒன்று வாங்கி வந்த சிலை இது. 1794இல் பிரெஞ்சுப் படை தூக்கிப்போனது. நெப்போலியன் வீழ்ந்தபின் திரும்பியது. 1944இல் ஜெர்மானியர் பின்வாங்கும்போது மெத்தைகளில் சுற்றி லாரியில் கடத்தினார்கள். மறு ஆண்டு ஆஸ்திரியாவின் ஆல்ட்டவுஸே உப்புச் சுரங்கத்தில் கிடைத்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையை ரயிலிலேயே சொல்லிவையுங்கள், சிலையைத் தேடிக்கொண்டு அவர்களே முன்னால் ஓடுவார்கள். ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர்கள் பிற்பகலில்தான் போக முடியும். சனிக்கிழமை என்று சொன்னது இதனால்தான்.

தெருவெல்லாம் கல் பாவியது. மாமியாருக்குத் தட்டையான ரப்பர் அடி வைத்த செருப்பு போதும், புதுச் செருப்பு வேண்டாம். ஆலயத்துக்குப் பிறகு அரைமணி நேரப் படகில் ஏறிவிட்டால் அவருக்கு ஓய்வு, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

சந்தைச் சதுக்கத்து மணிக்கூண்டில் ஏறலாமா? – வாசகர், சேலம்

366 படிகள், லிஃப்ட் இல்லை. மேலே போகப்போக படிக்கட்டு ஒடுங்கும், ஏறுபவரும் இறங்குபவரும் ஒதுங்கித்தான் செல்ல வேண்டும். 47 மணிகளையும் அவற்றை இயக்கும் பெரிய உருளையையும் பார்க்க ஆசை இருந்தால் ஏறுங்கள். சதுக்கத்தில் உட்கார்ந்தால் மணியோசை இலவசமாகவே கேட்கும்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? – வாசகி, மயிலாப்பூர்

புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். ஏரிப் பூங்காவில் பெஞ்சுகள் உண்டு. மணிக்கூண்டின் அடியில் உருளைக்கிழங்கு வறுவல் கடைகளைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்பார்கள். பெல்ஜியத்தில் அதை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுதான் பழைய வழக்கம். தாவர எண்ணெயா என்று கேட்காமல் எங்கும் வாங்காதீர்கள். வாஃபிள் மாவில் முட்டை இருக்கும். உணவகத்தில் தண்ணீருக்கும் காசு. குழாய் நீர் நல்ல நீர், பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பழைய வீடுகள் அங்கே மட்டும் எப்படித் தப்பின? – கல்லூரி மாணவி, மதுரை

கடல் விலகிப் போனதால்! 1134இல் ஒரு புயல் கரையை உடைத்து ஸ்வின் என்ற நீர்வழியைத் திறந்துவிட்டது. கப்பல்கள் அருகே வர, ஐரோப்பாவின் பெருவணிகர்கள் எல்லாம் புரூஜுக்கு வந்து கூடினார்கள். பதினைந்தாம் நூற்றாண்டுக்குள் அந்த வழியில் மணலும் வண்டலும் சேர்ந்து அடைத்தது. வணிகம் ஆண்ட்வெர்ப் என்ற வேறொரு துறைமுக நகருக்குப் பெயர்ந்தது. இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லாத ஊரில் பழைய வீடுகள் அப்படியே நின்றன. 19ஆம் நூற்றாண்டில் பழைய பாணியிலேயே புதுப்பித்த முகப்புகளும் பல உண்டு. யுனெஸ்கோ 2000இல் நகர மையத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நான் அங்கே நடக்கும்போது அழகை மட்டும் பார்ப்பதில்லை. துறைமுகத்தை இழந்து, வேலையின்றிப் பல தலைமுறைகள் அந்த வீடுகளுக்குள் வாழ்ந்திருக்கின்றன. படகோட்டிகள் இதை அதிகம் சொல்வதில்லை. நீ போனால் கேட்டுப் பார்.