அப்பாவின் பயத்துக்கு ஆக்ஸிஜன் மிஷின் மருந்தல்ல

பேரணாம்பட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அப்பாவுக்கு 66 வயது. டேனரியில் வேலை பார்த்தவர். பீடியை விட்டுவிட்டார். சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு முன்பு மூச்சுத் திணறி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதிலிருந்து பாத்ரூம் கதவைச் சாத்தக்கூடப் பயப்படுகிறார். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து ‘மூச்சு நின்னுடும்’ என்கிறார். யாரோடும் பேச்சில்லை. விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்த்தால் ஆக்ஸிஜன் அளவு 94, 95 காட்டுகிறது. ஆறு மாதமாக மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். ஆக்ஸிஜன் மிஷின் வைத்தால் சரியாகிவிடும், அறுபதாயிரம் ஆகும் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? மனநல டாக்டரிடம் காட்டச் சொல்கிறான் தம்பி. அப்பாவுக்கு மூளையா கெட்டுவிட்டது?”

மிஷின் வாங்காதீர்கள் அம்மா. உட்கார்ந்திருக்கும்போது 94, 95 காட்டுகிறவருக்கு ஆக்ஸிஜன் குறைவாக இல்லை. உடம்பு நிலையாக இருக்கும் நாளில், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 88 அல்லது அதற்குக் கீழே நிற்பவர்களுக்குத்தான் பொதுவாக வீட்டு ஆக்ஸிஜன். அதையும் ரத்தக் குழாயிலிருந்து ஊசியால் ரத்தம் எடுத்து ரத்த வாயுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொண்டு, ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் வைக்க வேண்டும். மூச்சு வாங்கும்போது மட்டும் பத்து நிமிடம் மாட்டிக்கொள்கிற பொருள் இல்லை அது.

இந்த மிஷின் விற்கும் ஏஜென்ட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வார்டுக்கு வெளியே நிற்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகிற வீட்டாரின் போன் நம்பர் எப்படியோ கிடைத்துவிடுகிறது. “பெரிய டாக்டரே இதைத்தான் சொல்வார்” என்கிறார்கள், மாதத் தவணை போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். நகையை அடகு வைத்து மிஷின் வாங்கிய குடும்பங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சிலருக்கு அளவுக்கு மீறிய ஆக்ஸிஜனால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கமே வரும். அப்படி வராவிட்டாலும், மூக்கில் குழாய் மாட்டிய மனிதர் கட்டிலைவிட்டு எழுந்திருக்க மாட்டார், கரண்ட் போனால் பயம் இரட்டிப்பாகும். டாக்டர் தன் கையால் எழுதிய சீட்டும் ரத்த வாயு ரிப்போர்ட்டும் இல்லாமல் யார் மிஷின் விற்க வந்தாலும் கதவைச் சாத்துங்கள்.

சரி, ஆக்ஸிஜன் இருந்தும் ஏன் மூச்சு முட்டுகிறது? இந்த நோயில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கஷ்டம். பயம் வந்தால் மூச்சு வேகமாகிறது. உள்ளே போன காற்று முழுசாக வெளியேறுமுன் அடுத்த மூச்சு இழுக்கிறார். ஆள் இறங்குவதற்கு முன்பே ஆள் ஏறுகிற டவுன் பஸ் போல நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அதனால் இன்னும் முட்டுகிறது, பயம் இன்னும் கூடுகிறது. அவர் நடிக்கவில்லை, கற்பனையும் இல்லை. ஒருமுறை நிஜமாகவே மூச்சுக்குத் தவித்தவர், மூடிய கதவைக் கண்டு மிரளாமல் என்ன செய்வார்? “எல்லாம் மனசுதான், தைரியமா இருங்க” என்று யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம்.

அடுத்தது அந்தத் தூக்க மாத்திரை. அட்டையில் அல்பிராசோலம், குளோனாசெபாம், டயசெபாம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். நுரையீரல் நோயாளிக்கு இவை மூச்சு விடும் உந்துதலையே மந்தமாக்கும். ராத்திரி எழுந்தால் தடுமாறி விழவும் வைக்கும். அல்பிராசோலம் 2014 முதல் எச்1 என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எழுதுகிறார்களா, யார் கேட்கிறார்கள்?

ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம் தினமும் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், கை நடுங்கும், வியர்க்கும், படபடப்பு ஏறும். சிலருக்கு வலிப்பே வரும். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று நீங்கள் பதறுவீர்கள், அந்தப் பதற்றத்தில்தான் மிஷின்காரர் மறுபடி நுழைவார். டாக்டர் பார்த்து, வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். பாதியாக உடைத்துக் கொடுக்கிறேன், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கிறேன் என்று நீங்களாகவும் செய்யாதீர்கள். அதுவரை இப்போது கொடுக்கும் அளவே போகட்டும், கூட்ட வேண்டாம். அதோடு மதுவும், போதை தரும் இருமல் மருந்தும் சேரவே கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீல நிற இன்ஹேலரை அப்பா ஒரு நாளைக்கு எத்தனை முறை அடிக்கிறார்? அதில் இருக்கும் சால்பியூட்டமால் கூடினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். டெரிபிலின் மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு மாத்திரை மனநிலையையே புரட்டிவிடும். பயந்து இன்ஹேலர் அடிக்கிறார், அது படபடப்பைத் தருகிறது, படபடப்பைப் பார்த்து மறுபடி பயப்படுகிறார்.

மூச்சு முட்டும்போது நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் சாய்ந்து முழங்கைகளை மேஜைமீது ஊன்றச் சொல்லுங்கள். மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நேரம் ஊதட்டும். கூடவே நீங்களும் ஊதுங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள். முகத்துக்கு நேராகச் சின்ன கை மின்விசிறி பிடித்தால் திணறல் தணியும். இதற்குச் செலவு நூற்றுக்கணக்கில்தான், அதனாலோ என்னவோ யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நன்றாக இருக்கும் வேளையிலேயே தினமும் பழகவேண்டும், திணறும்போது புதிதாகக் கற்க முடியாது. குளிக்கும்போது ஸ்டூலில் உட்காரட்டும், கதவு ஒருக்களித்தே இருக்கட்டும்.

தம்பி சொல்வது சரி. மூளை ஒன்றும் கெடவில்லை. நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளிடம் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகம். கவனிக்காமல் விட்டால் மருந்தை ஒழுங்காக எடுக்க மாட்டார்கள், மறுபடி மறுபடி அட்மிட் ஆவார்கள். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல், மனம் சோர்ந்தே இருந்தால் காட்டியே ஆகவேண்டும். “செத்துடலாம்னு தோணுதாப்பா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆமாம் என்றால் மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, தனியாக விடாமல் அன்றே கூட்டிப்போங்கள். மனச்சோர்வு மாத்திரைகள் தூக்க மாத்திரை போல் அடிமையாக்காது, ஆனால் வேலை செய்ய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். “பத்து நாள் போட்டேன், ஒண்ணும் தெரியலை” என்று நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி, அதாவது பிசியோதெரபிஸ்ட் கண்காணிப்பில் நடையும் கை கால் பயிற்சியும், மூச்சையும் மனதையும் சேர்த்தே தேற்றும்.

எங்கே போவது? வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். வேலூர் சிஎம்சி மருத்துவமனை என்றால் மனநலப் பிரிவு பாகாயத்தில் இருக்கிறது. நெஞ்சு ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம், இரண்டு சீட்டு, இரண்டு வரிசை. பத்தடி நடந்தால் இளைக்கிற மனிதரை இப்படி அலையவிடுகிறோமே என்று எனக்கு ஆற்றாமைதான். சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிற மாநிலத்தில், நுரையீரல் நோயாளியிடம் “தூக்கம் வருதா, மனசு எப்படி இருக்கு” என்று ஓபியில் கேட்க இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். போகும் நாள் வரை 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

உதடு நீலமானால், பகலில் தூங்கி வழிந்து பேச்சுக் குழறினால், திடீரென நெஞ்சு வலித்தால், ஒரு கால் மட்டும் வீங்கித் திணறினால் அது பயம் இல்லை. உடனே 108.

டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், மெடிக்கலில் வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். இன்ஹேலரையும் எடுத்துக்கொண்டு, எப்படி அடிக்கிறார் என்று டாக்டர் முன்னாலேயே அப்பாவை அடித்துக்காட்டச் சொல்லுங்கள்.