1806 துப்பாக்கி என்றால் அதில் கேப்பு முளை எப்படி வந்தது?

கேள்வி: பழைய சாமான் வாங்கி விற்கும் ஒருவர், "வேலூர்க் கோட்டைக் கலகத்தில் சிப்பாய் கையில் இருந்தது" என்று ஒரு துப்பாக்கியைக் காட்டுகிறார். பூட்டுத் தகட்டில் கிரீடம் ஏந்திய சிங்க முத்திரை. சுத்தியலுக்குக் கீழே சின்னதாய் ஒரு முளை. அறுபதாயிரம் கேட்கிறார். வீட்டுக் கூடத்தில் மாட்டத்தான். வாங்கலாமா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: அந்தக் கதையை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அடையாளங்களுமே அவர் சொல்வதற்கு எதிராக இருக்கின்றன.

கலகம் நடந்தது 1806 ஜூலை 10. அன்றைக்கு மதராஸ் படைச் சிப்பாய்களிடம் இருந்தது சிக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி கிளப்பும் மஸ்கட். முளையில் செம்புக் கேப்பை மாட்டிச் சுத்தியலால் அடித்து வெடிக்கும் முறை படைகளுக்குப் பரவலாக வந்தது 1840-களில்தான். அடுத்தது முத்திரை. கிழக்கிந்தியக் கம்பெனித் துப்பாக்கிகளில் 1808 வாக்கு வரை இருந்தது இதய வடிவ முத்திரை. கிரீடம் ஏந்திய சிங்கம் அதற்குப் பிறகு வந்தது.

"கல் துப்பாக்கியைப் பின்னால் கேப்புக்கு மாற்றினார்கள்" என்று அவர் சொல்லக்கூடும். அப்படி மாற்றியதும் உண்டு. ஆனால் மாற்றினால் தடயம் நிற்கும். பூட்டுத் தகட்டை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், முத்திரையே போய்விடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். வெடிமருந்துக் கிண்ணமும் அதன் வில்லும் இருந்த இடத்தில், அடைக்கப்பட்ட திருகுத் துளைகள் வட்ட வட்டமாகத் தெரியும். தகடு மழமழவென்று ஒரே சீராக இருந்தால் அது பிறந்ததே கேப்புத் துப்பாக்கியாகத்தான். குழலுக்குள் சுருள் சுருளாக வரி வெட்டியிருந்தாலும் 1806-ஆம் ஆண்டுச் சிப்பாய் மஸ்கட் ஆகாது. வரி வெட்டிய என்ஃபீல்டு 1853-ஆம் ஆண்டு மாடல்.

ஆனால் குழல் வாயில் கண்ணை வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்குள் பழைய மருந்தும் குண்டும் கிடப்பது உண்டு. ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டு, எவ்வளவு தூரம் போகிறது என்று வெளியே வைத்து அளந்து பாருங்கள். முளை இருக்கும் இடத்துக்கு முன்பே நின்றால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

1850-களின் பொருளாக அதற்கு மதிப்பு இருக்கலாம், மறுக்கவில்லை. அந்த மதிப்புக்கு வாங்குவதென்றால் முத்திரை, பூட்டு வகை, காலம் மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். வாயால் "1806" என்றவர் எழுத மறுத்தால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. எழுதிக் கொடுத்து அது பொய்யானால், இரண்டு ஆண்டுகளுக்குள் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கையில் ரசீது இருப்பதுதான் பலம். பழசு என்பதாலேயே உரிமம் வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள். பழுது பார்த்தும்கூடச் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு விலக்கு தருகிறது.

கேள்வி: பட்டாளத்தில் 303 ரைபிள் சுட்டுப் பழகியவன் நான். "குழலை அடைத்தாச்சு, இனி சும்மா அலங்காரம்தான்" என்று ஒருவர் ஒரு 303-ஐத் தருகிறேன் என்கிறார். 1943 என்று பொறித்திருக்கிறது. எங்கே செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— முன்னாள் ராணுவ வீரர், கம்மவான்பேட்டை

பதில்: ஐயா, நீங்கள் கையாண்ட ஆயுதம் என்பதால் சுருக்கமாகச் சொன்னாலே புரியும். போல்ட் கைப்பிடிக்குக் கீழே, கட்டை சேரும் இடத்தில் உள்ள இரும்புப் பட்டையின் வலப்பக்கத்தைப் பாருங்கள். கிரீடத்தின் கீழ் ஜி.ஆர்.ஐ. என்றிருந்தால் வங்காளத்து இஷாப்பூர். ஜி.ஆர். மட்டும் இருந்து என்ஃபீல்டு அல்லது பி.எஸ்.ஏ. என்றிருந்தால் இங்கிலாந்து. லித்கோ என்றால் ஆஸ்திரேலியா. சுதந்திரத்துக்குப் பிந்திய இஷாப்பூர்த் துப்பாக்கியில் கிரீடத்துக்குப் பதில் அசோகச் சிங்கம் நிற்கும். 1960-களின் ஆண்டும் சதுரமான மேகசினும் இருந்தால் அது 7.62 தோட்டாவுக்காகச் செய்த 2ஏ1. அதைப் போய் உலகப்போர்த் துப்பாக்கி என்று விற்கிறார்கள்.

வடமேற்கு எல்லைப்புறக் கைவேலைப் போலிகளும் சுற்றுகின்றன. அவற்றில் எழுத்து கோணலாக இருக்கும், ஆங்கில 'என்' திரும்பி நிற்கும். விக்டோரியா ராணி இறந்தது 1901 ஜனவரியில். வி.ஆர். முத்திரையோடு 1905 என்று போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம். போல்ட் எண்ணும் குழல் பக்கத்து எண்ணும் பொருந்தாவிட்டால் இரண்டு மூன்று துப்பாக்கிகளைப் பிரித்துச் சேர்த்தது என்று அர்த்தம்.

இவ்வளவும் அடையாளம் தெரிந்துகொள்ள மட்டும். வாங்க வேண்டாம் ஐயா, கெஞ்சியே கேட்கிறேன். 303-உம் 7.62-உம் தடைசெய்யப்பட்ட ரகம். அதற்கு உரிமம் தர கலெக்டருக்கே அதிகாரம் கிடையாது, மத்திய அரசுதான் தர வேண்டும். ஈயம் ஊற்றி அடைத்த குழலை மாற்றிவிட்டால் அது மறுபடி சுடும், அதனால் 45-ஆவது பிரிவு உங்களைக் காப்பாற்றாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றி இந்த ரகத்தை வைத்திருந்தால் ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை. விற்றவர் பணத்தோடு போய்விடுவார். வழக்கு உங்கள் பெயரில் நிற்கும்.

கேள்வி: அப்பா காலமாகிவிட்டார். அவர் உரிமத்தில் இருந்த 315 ரைபிள் வீட்டில் இருக்கிறது. இனி அது எனக்குத்தானே?
— வாசகர், ஆற்காடு

பதில்: தானாக வந்துவிடாது. உரிமம் அப்பாவோடு முடிந்தது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். 315 தடைசெய்யப்பட்ட ரகம் அல்ல. எனவே வாரிசு என்ற முறையில் உங்கள் பெயரில் உரிமம் கேட்டுக் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் ஒப்படைத்த ரசீதும் கூட இருக்கட்டும்.