எத்தனாய்க் ஆசிட்டும் எத்தனோ-இக் ஆசிட்டும்

அன்புள்ள ஐயா, வணக்கம்.
மகள் படிவம் 3 வரை அறிவியலை மலாயில் படித்தவள். இப்போது படிவம் 5, வேதியியல் ஆங்கிலத்தில். வகுப்பில் ‘மீதைல்’ என்கிறார்கள், காணொளியில் ‘மெத்தில்’ என்கிறார்கள். ethanoic acid என்பதை ‘எத்தனாய்க் ஆசிட்’ என்று வாசித்துத் திருத்து வாங்கினாள். நீளமான பெயர்களை எங்கே பிரித்து வாசிப்பது?
– வாசகி, பட்டர்வொர்த்

வணக்கம் அம்மா.

மீதைல் பிரிட்டன் வழக்கு, மெத்தில் அமெரிக்க வழக்கு. இரண்டும் சரி; ஏதாவது ஒன்றில் நிலைத்து நிற்கட்டும்.

பெயரை அசையாகப் பிரிக்கும் முன் பொருளாகப் பிரிக்க வேண்டும். மெய்யின்மேல் அடுத்த உயிர் ஏறுவது தமிழில் இயல்பு. அதே பழக்கத்தில் ஆங்கிலப் பெயரை வாசித்தால் உறுப்புகளின் எல்லை அழிந்துவிடும். ‘பீரியாடிக் டேபிள்’ என்பதன் முதற்சொல்லும் அயோடின் அமிலம் ஒன்றின் பெயரும் எழுத்தில் ஒன்றே (periodic). ஆனால் அமிலம் ‘பெர்’ கூட்டல் ‘அயோடிக்’. ‘ர்’ முன்னொட்டோடு நிற்க வேண்டும்: பெர்-ஐ-ஆ-டிக். அயோடினின் ஆக்சிஜனேற்ற எண் 5-லிருந்து 7-க்கு ஏறியதைச் சொல்வதே அந்த ‘பெர்’.

‘எத்தனாய்க்’ வருவது, ‘ஆயில்’ போல ‘ஓ’, ‘இ’ என்ற இரண்டு உயிர்களையும் ஒட்டிவிடுவதால். அவை தனித்தனி அசைகள்: எ-த-னோ-இக். இங்கே இரண்டு உயிர்களுக்கு நடுவே நாம் சேர்க்கும் உடம்படுமெய் உதவும். ‘னோவிக்’ என்று சில நாள் சொல்லிப் பழகி, பிறகு வகரத்தைத் தளர்த்தினால் போதும். அழுத்தம் ‘இக்’குக்கு முந்தைய அசையில் விழும். அதனால்தான் ஃபாஸ்ஃபரஸில் முதலசையில் இருந்த அழுத்தம் ஃபாஸ்ஃபாரிக்கில் இரண்டாம் அசைக்குப் போகிறது.

மலாய் மொழியில் படித்துவிட்டு வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் வேறு. மலாயின் ‘எத்தேனா’ கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்புள்ளது. அந்த ஏகாரத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தால் ‘ஈத்தேன்’ ஆகி, ஒற்றைப் பிணைப்பாகிவிடும். ஆங்கிலத்தில் ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் முறையே ஒற்றை, இரட்டை, மும்மைப் பிணைப்பு. கடைசி உயிரை விழுங்கவே கூடாது.

வரி ஓரத்தில் 2-மீதைல்புரோப்பேனை உடைக்க நேர்ந்தால் மீதைலுக்குப் பின் உடைக்கலாம். 2-க்குப் பின் உடைத்தால் எண் மேல்வரியில் அநாதையாக நிற்கும்.

சல்ஃபைடும் (sulfide) சல்ஃபைட்டும் (sulfite) வேறுபடுவது இறுதி மெய்யில் மட்டுமே. முன்னதில் ‘ஐ’ சற்று நீளும், பின்னதில் சட்டென்று அறுபடும். தமிழில் குறிப்பெடுக்கும்போது ‘டு’, ‘ட்டு’ என்று வேறுபடுத்தி எழுதச் சொல்லுங்கள். நீர்த்த அமிலம் சேர்த்தால் முதலாவதில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், இரண்டாவதில் சல்ஃபர் டையாக்சைடு. இரண்டுமே நச்சு வாயு.