சேமிப்பு முழுவதையும் பழைய டிரக்கில் போடலாமா?

கேள்வி: நிலத்தைச் சமன்படுத்தும் வேலைகளை எடுத்துச் செய்கிறேன். மண் தோண்டும் சிறிய இயந்திரத்தை டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போக வேண்டும். டிரெய்லரோடு சேர்த்து 3,500 கிலோ வரும். வருடத்துக்குச் சுமார் 5,000 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும். 4,500 கிலோ இழுக்கும் என்று ஒரு பழைய டீசல் பிக்கப் டிரக் விலைக்கு வந்திருக்கிறது. என் சேமிப்பு முழுவதும் அதற்குப் போய்விடும். வாங்கலாமா? இல்லை, ஆறு வருடக் கடனில் இதைவிடப் புதியதாக ஒன்று எடுக்கட்டுமா?

பதில்: இரண்டுமே வேண்டாம் என்றுதான் சொல்வேன். சேமிப்பில் நான்கில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். மீதிக்குள் அடங்குகிற, சர்வீஸ் விவரம் ஒழுங்காக இருக்கிற, கனரக வகைப் பெட்ரோல் பிக்கப்பைத் தேடுங்கள்.

முதலில் அந்த 4,500 கிலோ விஷயம். விளம்பரத்தில் போடும் இழுவைத் திறன் பெரும்பாலும் அந்த மாடலிலேயே அதிகம் இழுக்கிற வண்டிக்கு உரியது. இன்ஜின், பின் அச்சின் கியர் விகிதம், கேபின் அளவு என எது மாறினாலும் அந்த எண்ணும் மாறும். இதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. டிரெய்லர் வண்டியைப் பின்னால் இழுப்பதோடு நிற்பதில்லை, டிரக்கின் பின்னால் அதை மாட்டும் ஹிட்ச்சைக் கீழே அழுத்தவும் செய்கிறது. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் அப்படி டிரக்கின் மேல் உட்காரும். உங்கள் கணக்கில் அது 350 முதல் 525 கிலோ. நீங்களும் உதவியாளரும் 160 கிலோ, கருவிகளும் எரிபொருள் கேனும் 150 கிலோ என்று வைத்தால் மொத்தம் 800 கிலோவைத் தாண்டக்கூடும். சாதாரண இலகு ரகப் பிக்கப்புகள் பலவற்றில் பேலோட், அதாவது டிரக் தன் மேல் சுமக்கக்கூடிய எடை, 600 முதல் 800 கிலோதான். இழுவைத் திறனில் 1,000 கிலோ மிச்சம் இருக்கும்போதே பேலோட் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் பின்பக்கம் தாழும், முன் சக்கரங்களில் பிடி குறையும், ஸ்டியரிங்கும் பிரேக்கும் சொன்னபடி கேட்காது. அந்த நிலையில் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் அது காரணமாகலாம். அதனால் ஓட்டுநர் கதவோரத்தில் இருக்கும் எடை விவரச் சீட்டைப் படித்துவிட்டு விலை பேசுங்கள்.

டீசல் நல்ல இழுவை தரும், மேட்டில் திணறாது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமையோடு 100 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வண்டி 24 லிட்டரும் டீசல் வண்டி 18 லிட்டரும் குடிப்பதாக வைத்தால், 5,000 கிலோமீட்டருக்கு மிச்சம் 300 லிட்டர். அவ்வளவுதான். அதன் விலையை, டீசல் வண்டிக்கு நீங்கள் கூடுதலாகத் தரும் தொகையோடு ஒப்பிடுங்கள். எத்தனை வருடத்தில் அந்தத் தொகை திரும்பும் என்று தெரிந்துவிடும். இதற்கிடையில் உயர் அழுத்த எரிபொருள் பம்ப் உடைந்தால் அதன் இரும்புத் துகள்கள் இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போய் எல்லாவற்றையும் கெடுக்கும். அந்த ஒரு செலவு பல வருட மிச்சத்தை விழுங்கிவிடும். புகை வடிகட்டி உள்ள டீசல் வண்டியைக் குறுகிய தூரங்களுக்கே ஓட்டினால் அந்த வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். வருடத்துக்கு 25,000 கிலோமீட்டர் சுமையோடு ஓடுபவர் என்றால் நானே டீசல் வாங்கச் சொல்லியிருப்பேன்.

கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால் மூன்று வருடத்துக்கு மேல் போகாதீர்கள். பத்து வயது வண்டிக்கு ஆறு வருடத் தவணை என்றால், கியர்பாக்ஸ் போன பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். வண்டி நின்றால் உங்கள் வருமானமும் நிற்கும். ஒதுக்கச் சொன்ன அந்தக் கால் பங்கு இதற்காகத்தான். முதல் வருடத்திலேயே டயர், பிரேக், எல்லா ஆயிலும் மாற்ற வேண்டியிருக்கலாம்.

பார்க்கப் போகும்போது விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் துரு உள்ளே தின்றிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். கியர்பாக்ஸ் ஆயில் கறுத்துக் கருகல் வாசனை அடித்தால், சூடேறச் சூடேற சுமை இழுத்த வண்டி என்று அர்த்தம். ஓடிய கிலோமீட்டர் குறைவு என்பதைவிட ஆயில் மாற்றிய ரசீதுகளுக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கிறதா, அதை இயக்கும் கன்ட்ரோலர் டிரக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

இன்னொன்று, 3,500 கிலோ என்பது உங்கள் மதிப்பீடாக இருந்தால், இயந்திரத்தையும் டிரெய்லரையும் முதலில் எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். 3,900 என்று வந்தால் மேலே போட்ட கணக்கு எல்லாமே மாறும்.