வீட்டு அலமாரியில் ஒரு சர்வர்: வாசகர் கேள்விகள்

சர்வர் என்றதும் என் தந்தைக்கு இன்றும் ஹோட்டலில் இலை போடுபவர்தான் நினைவுக்கு வருவார். அதில் பெரிய தவறும் இல்லை. கேட்டதைக் கொண்டுவந்து வைப்பதுதான் இரண்டு சர்வர்களுக்கும் வேலை. வீட்டு இணைய இணைப்பில் வலைத்தளம் நடத்துவது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியின் வெவ்வேறு உருவங்கள் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் மென்பொருளை நிறுவி, ரவுட்டரில் 80, 443 போர்ட்களை (வலைத்தளக் கோரிக்கைகள் நுழையும் வாசல்கள்) அதற்குத் திருப்பிவிட்டேன். வீட்டு வைஃபையில் தளம் திறக்கிறது. கைப்பேசி டேட்டாவில் திறக்கவே இல்லை. மூன்று நாட்களாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். (காரைக்குடி)

உங்கள் அமைப்பில் பிழை இல்லாமலே இப்படி நடக்கும். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் 'வேன் ஐபி' என்று, வெளி இணையப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவதொரு தளத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது. வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையிலான ஒன்றில் தொடங்கினால், உங்கள் வீட்டுக்கென்று பொது முகவரியே கிடையாது. 192.168 என்று தொடங்கினால், முதலில் பைபர்காரர் வைத்துவிட்டுப் போன பெட்டியைப் பாருங்கள். அதுவே ஒரு ரவுட்டராக இருந்து, அதற்குப் பின்னால் உங்கள் ரவுட்டர் மாட்டப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் அந்தப் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (முகவரியைப் பங்கிடாமல் அப்படியே கடத்திவிடும் முறை) மாற்றச் சொன்னால் போதும்.

ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தமே 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால் நிறுவனங்கள் ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். மேலே சொன்ன 100.64 வரிசை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரே கதவு எண், வாசலில் ஒரு காவலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சாப்பாடு சொல்லியிருந்தால், கொண்டுவருபவரை உங்கள் வீட்டுக்கு அனுப்புவார். சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவர் யார் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். மூன்றாவது மாடியில் நீங்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்து என்ன பயன்?

வழிகள் உண்டு. கூடுதல் கட்டணத்துக்கு நிலையான ஐபி தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். உள்ளூர் அலுவலகத்துக்கு நேரில் போய் 'ஸ்டாடிக் ஐபி' என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது வழி ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை. இதில் முகவரிப் பஞ்சம் இல்லை, உங்கள் ராஸ்பெரி பைக்கே நேரடியாக ஒரு பொது முகவரி கிடைக்கும். ரவுட்டரின் தீச்சுவரில் (ஃபயர்வால்) அதற்கு அனுமதி கொடுக்க மறக்காதீர்கள். ஆனால் பார்க்க வருபவரிடமும் ஐபிவி6 இருக்க வேண்டும். கைப்பேசியில் திறக்கும் தளம் அலுவலகக் கணினியில் திறக்காது என்ற புகார் பிறப்பது இங்கேதான்.

மூன்றாவது, சுரங்கம். உங்கள் சர்வரே வெளியே போய் ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்ளும், வருகிறவர்கள் அதன் வழியாக உள்ளே வருவார்கள். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் இதைக் கட்டணமின்றித் தருகிறது. மறைகுறியாக்கம் அவர்கள் வாசலில் அவிழ்க்கப்பட்டே உங்களிடம் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். நான் செய்திருப்பது வேறு. மாத வாடகைக்கு மிகச் சிறிய மெய்நிகர் சர்வர் ஒன்றை எடுத்து, அங்கிருந்து வீட்டுக்கு வயர்கார்ட் என்ற மறைகுறியாக்கச் சுரங்கம் போட்டிருக்கிறேன். பொது முகவரி அங்கே, கோப்புகள் இங்கே. வீட்டு ஆட்கள் மட்டும் பார்த்தால் போதும் என்றால் உங்கள் சாதனங்களை மட்டும் தங்களுக்குள் இணைக்கும் டெயில்ஸ்கேல் போதுமானது. அதுவும் 100-இல் தொடங்கும் எண்களைத்தான் தரும், அதைப் பார்த்து மறுபடி குழம்ப வேண்டாம்.

எனக்கு நேர்மாறு. வெளியே எல்லோருக்கும் திறக்கிறது. என் வீட்டில் மட்டும் டொமைன் பெயரை அடித்தால் ரவுட்டரின் லாகின் பக்கம் வருகிறது. (திருப்பூர்)

உள்ளிருந்து கிளம்பி, தன் பொது முகவரிக்கே திரும்பி வரும் கோரிக்கையை உங்கள் ரவுட்டருக்குக் கையாளத் தெரியவில்லை. 'நாட் லூப்பேக்' என்ற வசதி இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால், வீட்டுக்குள் மட்டும் அந்தப் பெயர் 192.168 முகவரியைக் காட்டும்படி வீட்டு டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் பட்டியல்) எழுதிவிடுங்கள்.

என் இணைப்பு 100 எம்பிபிஎஸ். தங்கை திருமணப் படங்களை வீட்டு சர்வரில் வைத்து உறவினர்களுக்குச் சுட்டி அனுப்பலாமா?

விளம்பரத்தில் போடும் வேகம் பெரும்பாலும் வீட்டுக்குள் வருவதற்கானது. சர்வருக்கு வேண்டியது வெளியே போகும் வேகம். ஏற்றுவேகத்தை முதலில் சோதியுங்கள். அது 20 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் எட்டால் வகுக்க, நொடிக்கு 2.5 மெகாபைட். கேமராவிலிருந்து வந்த படம் ஒன்று 4 மெகாபைட், பக்கத்துக்குப் பன்னிரண்டு படம் என்றால் 48 மெகாபைட். ஒருவர் திறக்கவே 19 நொடி ஆகும். சுட்டி குடும்பக் குழுவில் விழுந்ததும் ஐந்து பேர் ஒரே நேரத்தில் திறந்தால் ஒன்றரை நிமிடம். அதுவரை உங்கள் வீட்டில் யாராவது வீடியோ அழைப்பில் இருந்தால், அவர் முகம் உறைந்து நிற்கும்.

படங்களை 200 கிலோபைட் அளவுக்குச் சுருக்கிப் போடுங்கள். அதே பக்கம் 2.4 மெகாபைட் ஆகிவிடும், ஒரு நொடியில் போய்ச் சேரும். மூலப் படம் வேண்டுமென்பவருக்குத் தனிச் சுட்டி கொடுக்கலாம். அத்தையும் சித்தப்பாவும் அதைக் கேட்கப் போவதில்லை.

மின்வெட்டுக்கு என்ன செய்வது? பழைய டெஸ்க்டாப்பையே சர்வராக்கலாமா?

டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கிறது என்றால், மாதம் 43 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்குக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் 86 அதற்கே போய்விடும். 5 வாட்டில் ஓடும் ராஸ்பெரி பைக்கு மாதம் 3.6 யூனிட் போதும். ஆனால் அதன் எஸ்டி கார்டை நம்பாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் சிதையும். யூஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்து இயக்குங்கள்.

யுபிஎஸ் வாங்குபவர்கள் சர்வரை மட்டும் அதில் மாட்டிவிட்டு ரவுட்டரையும் பைபர் பெட்டியையும் மறந்துவிடுகிறார்கள். அவை பல வீடுகளில் 12 வோல்ட்டில் ஓடுபவை, அவற்றுக்கென்றே சின்ன யுபிஎஸ்கள் கிடைக்கின்றன. அதன் பிறகும் இணைப்பு நிற்குமா என்பது தெருவைப் பொறுத்தது. மின்சாரம் தேவைப்படாத பிரிப்பான் வழியாகப் பைபர் வந்தால் பிழைத்தீர்கள். மாடிக்கு மாடி மின்சாரத்தில் ஓடும் நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்து வயர் இழுத்திருந்தால், தெருவில் விளக்கு அணையும்போது உங்கள் தளமும் அணையும். மின்சாரம் திரும்பியதும் ஐபி முகவரி மாறியிருந்தால், டைனமிக் டிஎன்எஸ் நிரல் உங்கள் டொமைன் பெயருக்கு எதிரே புது முகவரியை எழுதிவிடும். டிடிஎல் அளவை (பழைய முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடியில் வைத்திருங்கள்.

மின்வாரியத்தைவிட வீட்டு ஆட்களிடம் அதிக எச்சரிக்கை தேவை. என் முதல் சர்வர் சாப்பாட்டு மேஜைக்கு அருகில் இருந்தது. இட்லிப் பொடி அரைக்க மிக்ஸிக்கு ஒரு பிளக் பாயிண்ட் தேவைப்பட்டது, அவ்வளவுதான். உலகின் முதல் வலை சர்வருக்கும் இதே பயம் இருந்திருக்கிறது. செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ தன் நெக்ஸ்ட் கணினி மீது, இது ஒரு சர்வர், அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருந்தார். நானும் அதைத் தமிழில் எழுதி ஒட்டினேன். அடுத்த வாரம் சுவிட்சைத் தொடவில்லை, மெயினையே அணைத்தார்கள்.

தளத்தைத் திறந்த ஒரு மணி நேரத்திலேயே பல நாடுகளிலிருந்து தாக்குகிறார்கள். என்னை யாரோ குறிவைத்துவிட்டார்களா?

உங்களை யாருக்கும் தெரியாது. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, ஐபிவி4 உலகம் முழுவதையும் ஒரே கணினியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். அதுபோன்ற தானியங்கிகள் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போகின்றன. என் சர்வர் பதிவேட்டில் அதிகாலை 3.12-க்கு ஒன்று வந்து வேர்ட்பிரஸ் நுழைவுப் பக்கத்தைக் கேட்டது, அடுத்து பிஎச்பிமைஅட்மின் என்ற தரவுத்தள நிர்வாகக் கருவி, அடுத்து கடவுச்சொற்கள் எழுதி வைக்கும் 'டாட் என்வ்' கோப்பு. என்னிடம் மூன்றும் கிடையாது. மூன்று முறை 404 ('அப்படி ஒன்று இல்லை') வாங்கிக்கொண்டு போய்விட்டது.

பயப்பட வேண்டியது வேறிடத்தில். எஸ்எஸ்எச்சை (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைந்து இயக்கும் வழி) வெளியே திறக்காதீர்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால் கடவுச்சொல்லை முடக்கி, சாவிக் கோப்பால் மட்டும் நுழையும்படி வையுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கமும் சிசிடிவி பெட்டியும் ஒருபோதும் வெளியே தெரியக் கூடாது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் இப்படிப்பட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துப் படை திரட்டியபோது, அதன் கையில் இருந்தது ஆலையில் வைத்த பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சம் மட்டுமே. முடிந்தால் சர்வரை வீட்டுக் கணினிகள் இருக்கும் வலையமைப்பில் வைக்காமல் தனியாகப் பிரித்து வையுங்கள்.

80-ஆம் போர்ட்டை நிறுவனம் அடைத்திருக்கிறது. எச்டிடிபிஎஸ்ஸுக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் கிடைக்கவில்லை.

டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்புக்கு மாறுங்கள். டொமைனில் ஒரு டெக்ஸ்ட் பதிவு போட்டு உரிமையை நிரூபிக்கலாம், எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டியதில்லை. புதுப்பிப்பது தானாக நடக்கும்படி அமைத்துவிடுங்கள். கையால் செய்கிறவர்கள் அனைவரும் ஒருநாள் மறக்கிறார்கள்.

மின்னஞ்சல் சர்வரும் வீட்டிலேயே வைக்கலாமா?

வேண்டாம். மின்னஞ்சல் சர்வர்கள் பேசிக்கொள்ளும் 25-ஆம் போர்ட் வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். திறந்திருந்தாலும், வீட்டு முகவரிகளின் வரிசைகளை ஸ்பேம்ஹவுஸ் என்ற குப்பை அஞ்சல் தடுப்பு அமைப்பு தனிப் பட்டியலாகவே வைத்திருக்கிறது, பெறும் சர்வர் அதைப் பார்த்துத் தள்ளிவிடும்.

அம்மா வீட்டில் செய்யும் ஊறுகாய், பருப்புப் பொடி விற்க ஒரு தளம் செய்திருக்கிறேன். வீட்டு சர்வரிலேயே ஓட்டினால் மாத வாடகை மிச்சமாகுமே?

முதலில் இணைய ஒப்பந்தத்தைப் படியுங்கள். வீட்டு இணைப்பில் சர்வர் கூடாது, வணிகம் கூடாது என்ற வரிகள் பல ஒப்பந்தங்களில் உண்டு. தனிப்பட்ட சின்னத் தளத்தைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை என்றாலும், பணம் புழங்கும் கடைக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம். பொருட்களின் படமும் விலையும் உள்ள பக்கங்களை இலவசமாக வைத்துக்கொள்ள வெளியே இடங்கள் இருக்கின்றன. வீட்டு சர்வரில் கணக்குப் புத்தகத்தையும் படங்களின் பிரதியையும் வையுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் லாரி உரசிக் கம்பத்தில் பைபர் அறுந்தால், ஒட்டவைக்க ஆள் வர இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் ஆர்டர் ஏன் வரவில்லை என்று அம்மா லைன்மேனைக் கேட்க மாட்டார், உங்களைத்தான் கேட்பார்.